டிஸ்மிஸ் ஆர்டரில் கையெழுத்துப் போட்டவரே அப்பீலையும் விசாரிக்கலாமா?

புதுகை அக்கா:

வணக்கம். என் தம்பி விஷயமாகக் கேட்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க். எங்கள் மாவட்டத்திலேயே ஒரு சின்ன ஊர்க் கிளை. பென்ஷன் வாங்கும் ஒரு வயதான அம்மாவின் சேமிப்புக் கணக்கிலிருந்து 40,000 ரூபாய் ஒரு வவுச்சர் மூலம் வேறொரு கணக்குக்கு மாற்றப்பட்டிருக்கிறது, வவுச்சரில் இருப்பது தன் கையெழுத்தே இல்லை என்று அவர் புகார் கொடுத்துவிட்டார். என்ட்ரி போட்டது தம்பியின் ஐடியில், பாஸ் செய்தது ஒரு ஆபீசரின் ஐடியில். அந்த நேரத்தில் தம்பி கேஷ் எடுக்க ஸ்ட்ராங் ரூமுக்குள் இருந்தான். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சாவி வைத்திருக்கும் இரண்டு பேரின் கையெழுத்து எல்லாம் ஸ்ட்ராங் ரூம் ரிஜிஸ்டரில் இருக்கிறது. சிஸ்டத்தை லாக் செய்யாமல் எழுந்து போனதை அவனே விளக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டான். ஆனால் சார்ஜ் ஷீட் கவனக்குறைவு என்று வரவில்லை, மோசடி என்று வந்தது.

விசாரணையில் அந்த ரிஜிஸ்டரைக் கேட்டோம், 'சம்பந்தம் இல்லை' என்றார் விசாரணை அதிகாரி. சிசிடிவி கேட்டோம், பதிவு இப்போது இல்லை என்றார்கள். புகார் கொடுத்த அம்மா சாட்சி சொல்ல வரவே இல்லை, அவர் கொடுத்த கடிதத்தை மட்டும் ஆவணமாக வைத்துக்கொண்டார்கள். பணம் போன கணக்கு யாருடையது, அதை எடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரிப்போர்ட் நகல் கொடுத்தார்கள், பதில் எழுதினோம். தண்டனை பற்றிய ஹியரிங் என்று ஸோனல் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள், நின்றபடியே முடிந்துவிட்டது. போன வாரம் டிஸ்மிஸ் ஆர்டர் கையில் வந்தது. பாஸ் செய்த ஆபீசருக்கு ஒரு இன்கிரிமென்ட் வெட்டு, அவ்வளவுதான்.

இப்போது பிரச்சினை இதுதான். ஆர்டரில் கையெழுத்துப் போட்ட ஸோனல் மேனேஜர் அந்தக் கையோடு ஜெனரல் மேனேஜராகப் பதவி உயர்வு பெற்று ஹெட் ஆபீஸ் போய்விட்டார். கிளார்க்குகளின் அப்பீல் போகிற அதே நாற்காலி. 'என்னைத் தூக்கினவரிடமே போய் என்னைச் சேர்த்துக்கொள் என்று கேட்கச் சொல்கிறாயா, அக்கா?' என்கிறான். சாப்பாடு இறங்கவில்லை அவனுக்கு. அப்பீலே வேண்டாம் என்கிறான்.

அவரே விசாரிக்க முடியுமா? நேரில் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா, இல்லை பேப்பரைப் பார்த்துவிட்டு 'நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதி அனுப்பிவிடலாமா? அப்பீல் போடாமலே லேபர் கமிஷனரிடம் போனால் கேஸ் கெட்டுப்போகுமா?

நேர்வழி நாகராஜ்:

மனசு கஷ்டமாக இருக்கிறது, மேடம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பேங்க் அப்பீல் எல்லாம் கண்துடைப்பு. எனக்குத் தெரிந்து உள்ளே போட்ட அப்பீலில் டிஸ்மிஸ் ரத்தானதைப் பார்த்ததே இல்லை. இதில் தண்டனை கொடுத்தவரே அப்பீல் அதிகாரி என்றால் கேட்கவே வேண்டாம். நாளைக்கே கன்சிலியேஷனுக்கு, அதாவது லேபர் அதிகாரி முன் சமரசப் பேச்சுக்கு, மனு போடுங்கள், காலத்தை வீணாக்காதீர்கள்.

காவிரிக்கரைத் தோழர்:

அக்கா, முதலில் தம்பியைச் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இந்தக் கேஸில் பேசுவதற்கு நிறைய இருக்கிறது. நான் யூனியன் சார்பில் டிஃபன்ஸ் ரெப்பாக, அதாவது ஊழியருக்காகப் பேசும் பிரதிநிதியாக, விசாரணைகளில் உட்கார்ந்தவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கிளார்க், சப்-ஸ்டாஃப் எல்லோருக்கும் ஒழுங்கு நடவடிக்கை, வங்கிகளும் யூனியன்களும் போட்ட 2002 ஏப்ரல் 10 தேதியிட்ட ஒப்பந்தப்படிதான் நடக்கும். உங்கள் யூனியன் ஆபீசில் நகல் கண்டிப்பாக இருக்கும், வாங்கி அதன் 14-வது பிரிவை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். ஆர்டர் எழுத்துமூலம் கையில் கிடைத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் அப்பீல் போட வேண்டும். டிஸ்மிஸ் கேஸாக இருந்து ஊழியர் விரும்பினால், அவரையோ அவருடைய பிரதிநிதியையோ நேரில் கேட்ட பிறகுதான் அப்பீலை முடிக்க வேண்டும். ஹியரிங் கேட்டிருந்தால் அப்பீல் கிடைத்த ஒரு மாதத்துக்குள் அது தொடங்க வேண்டும், முடிந்த ஒரு மாதத்துக்குள் ஆர்டர் போட வேண்டும். ஹியரிங் தேவைப்படாத அப்பீலுக்கு இரண்டு மாதம். அதனால் 'எனக்கு நேரடி ஹியரிங் வேண்டும், என் பிரதிநிதியோடு வருவேன்' என்று அப்பீலிலேயே தனிப் பத்தியாக எழுதுங்கள். கேட்காமல் விட்டுவிட்டு அப்புறம் கொடுக்கவில்லை என்று சண்டை போட்டால் நிற்காது.

அடுத்து, அதே ஆள் விஷயம். முடியாது, அக்கா. கொல்கத்தாவில் பிரெய்த்வெயிட் என்ற பொதுத்துறை கம்பெனியில் அமர்நாத் சௌத்ரி என்ற ஊழியரை அதன் தலைவரே ஒழுங்கு அதிகாரியாக, அதாவது தண்டனை கொடுக்கும் அதிகாரியாக, இருந்து நீக்கினார், பிறகு அப்பீலைக் கேட்ட போர்டு கூட்டத்துக்கும் அவரே தலைமை தாங்கினார். 2002-ல் சுப்ரீம் கோர்ட் அந்த அப்பீல் முடிவைச் செல்லாது என்றது. தான் கொடுத்த தீர்ப்பைத் தானே மேலிருந்து பார்க்க ஒருவருக்கும் உரிமை கிடையாது. 'வேறு ஆள் இல்லை, அதனால் அவரே உட்கார்ந்தார்' என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை, போர்டு ஒரு கமிட்டி போட்டு அதனிடம் கொடுத்திருக்கலாமே என்று கோர்ட் சொல்லிவிட்டது.

உங்கள் கேஸில் வேறு ஆளைப் போடுவது இன்னும் சுலபம். யார் ஒழுங்கு அதிகாரி, யார் அப்பீல் அதிகாரி என்று முடிவு செய்வது வங்கியின் தலைமை அதிகாரி. அதே 14-வது பிரிவில் இருக்கிறது, அந்தப் பெயர்களை நோட்டீஸ் போர்டில் போட வேண்டும் என்பதும் அதிலேயே வரும். ஆகவே அப்பீலோடு சேர்த்து அந்தத் தலைமை அதிகாரியான எம்.டி.க்கு ஒரு தனிக் கடிதம் கொடுங்கள்: இன்னார் இந்தத் தேதியில் ஒழுங்கு அதிகாரியாக இருந்து டிஸ்மிஸ் செய்தார், இன்று அவரே அப்பீல் அதிகாரி, ஆகவே அதே அந்தஸ்தில் அல்லது அதற்கு மேல் உள்ள வேறொருவரை நியமியுங்கள். ஆளைத் திட்ட வேண்டாம், 'அவருக்கு என்மேல் பகை' என்றெல்லாம் எழுத வேண்டாம். இரண்டு நாற்காலியிலும் ஒரே ஆள் என்ற ஒரு விஷயமே போதும்.

நாகராஜ் சார், கோபம் புரிகிறது. ஆனால் அப்பீல் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். யூகோ வங்கியில் சுர்ஜித் கோஷ் என்பவருக்குக் கீழ் அதிகாரி கொடுக்க வேண்டிய தண்டனையை, அப்பீல் கேட்க வேண்டிய மேலதிகாரியே நேரடியாகக் கொடுத்துவிட்டார். அப்பீல் போட அவருக்கு இடமே இல்லாமல் போனது. அந்த ஒரு காரணத்துக்காகவே 1995-ல் சுப்ரீம் கோர்ட் டிஸ்மிஸ் ஆர்டரை அடித்துப் போட்டது. நம் ஆட்கள் கண்துடைப்பு என்று சொல்லும் அந்த அப்பீலைக் கோர்ட் அவ்வளவு பெரிய உரிமையாகப் பார்க்கிறது.

ஓய்வு மேலாளர்:

நான் இந்த மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். ஸோனல் ஆபீஸ் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் பல வருஷம் ஃபைல் பார்த்தேன். அப்பீல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எப்படி எழுதுவது என்பது தானாகப் புரியும், அதனால் சொல்கிறேன்.

அப்பீல் வந்ததும் அது நேராகப் பெரியவர் மேஜைக்குப் போகாது. முதலில் பிரிவுக்கு வரும், டிஸ்மிஸ் ஆர்டரைத் தயாரித்த அதே பிரிவிடம் கருத்துக் கேட்பார்கள். கருத்து எழுதுபவர் அப்பீலைப் பத்தி பத்தியாகப் பிரித்து இடது பக்கம் ஊழியர் சொன்னது, வலது பக்கம் நம் பதில் என்று ஒரு அட்டவணை போடுவார். 'நான் நிரபராதி, என் குடும்பம் நடுத்தெருவில் நிற்கிறது, கருணை காட்டுங்கள்' என்று நான்கு பக்கம் எழுதியிருந்தால் வலது பக்கம் ஒரே வரி: புதிய அம்சம் எதுவும் இல்லை. அப்பீல் அங்கேயே செத்துவிடும். மேலே இருப்பவர் அந்த அட்டவணையைத்தான் படிப்பார்.

ஆனால் இப்படி ஒரு பத்தி இருந்தால் அந்த வலது பக்கத்தை நிரப்புவது பெரும்பாடு: 'இன்ன தேதி விசாரணையில், குறிப்பின் இத்தனையாவது பக்கத்தில், ஸ்ட்ராங் ரூம் ரிஜிஸ்டரைக் கொண்டுவரும்படி என் பிரதிநிதி கேட்டார். விசாரணை அதிகாரி மறுத்தார். சர்ச்சைக்குரிய என்ட்ரியின் நேரம் வங்கியே வைத்த சிஸ்டம் ஆவணத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்பதைக் காட்டும் ஒரே ஆவணம் அந்த ரிஜிஸ்டர்.' இதற்கு யார் என்ன பதில் எழுதுவார்கள்? ரிஜிஸ்டரை எடுத்துப் பார்க்காமல் எழுத முடியாது. எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பக்க எண், தேதி, ஆவண எண் மூன்றும் உள்ள பத்திகளைக் கண்டு கையெழுத்துப் போடத் தயங்கிய ஜெனரல் மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். நாளைக்குத் தொழில் தகராறுகளை விசாரிக்கும் ட்ரிப்யூனலில் இந்தப் பேப்பர்தான் வாசிக்கப்படும் என்று அவர்களுக்கும் தெரியும்.

டிஸ்மிஸ் ரத்தானதே இல்லை என்று நாகராஜ் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முழுதாக ரத்தாவது குறைவு, அது உண்மை. ஆனால் டிஸ்மிஸ் என்பது ஓய்வுப் பலன்களோடு கட்டாய ஓய்வாகவோ, சம்பளத்தில் இரண்டு படி இறக்கமாகவோ மாறுவது நடக்கிற விஷயம்தான். ஒரு குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புதுகை அக்கா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இதையெல்லாம் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். பேசாமல் எழுந்து போய் விசாரணைக் குறிப்புக் கட்டை எடுத்து வந்து பக்கம் தேட ஆரம்பித்துவிட்டான். ரிஜிஸ்டர் கேட்டதும் மறுத்ததும் அப்படியே பதிவாகி இருக்கிறது.

இரண்டு சந்தேகம். அப்பீல் போட்டால் தண்டனையைக் கூட்டிவிடுவார்கள் என்று ஒருவர் பயமுறுத்துகிறார், அது நடக்குமா? அந்த அம்மா சாட்சிக்கு வராததை எப்படி எழுதுவது? அவர் பாவம், பணத்தை வங்கி திருப்பிக் கொடுத்துவிட்டது, நல்ல மனுஷி, அவரைப் பொய்யர் என்று எழுத எங்களுக்கு மனசு வரவில்லை.

காவிரிக்கரைத் தோழர்:

டிஸ்மிஸுக்கு மேல் தண்டனை இல்லை, அக்கா. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். ரயில்வே, மத்திய அரசு விதிகளில் அப்பீல் அதிகாரி தண்டனையைக் கூட்ட இடம் உண்டு, அங்கேகூட முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்டாக வேண்டும். சின்னத் தண்டனை வாங்கியவர்கள்தான் அதை யோசித்து அப்பீல் போட வேண்டும்.

அந்த அம்மாவைப் பொய்யர் என்று சொல்லத் தேவையே இல்லை. அவர் சொல்வது அத்தனையும் உண்மை என்று வைத்துக்கொண்டாலும், 'என் கையெழுத்து இல்லை' என்பதிலிருந்து 'இவன்தான் போட்டான்' என்பதற்கு எப்படிப் போனீர்கள் என்பதுதான் கேள்வி. பஞ்சாப் நேஷனல் வங்கியில் ரூப் சிங் நேகி என்ற பியூன் டிராஃப்ட் புத்தகம் திருடியதாக நீக்கப்பட்டார். ஆவணங்களைக் கொண்டுவந்து வைத்தார்களே தவிர, அவற்றில் உள்ளதைச் சாட்சி சொல்லி நிரூபிக்க யாரும் வரவில்லை. 2008 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் நிரூபணம் ஆகிவிடாது என்றது, ஒழுங்கு அதிகாரியும் அப்பீல் அதிகாரியும் காரணம் எழுதாமல் ஆர்டர் போட்டதையும் தவறு என்றது. உங்கள் கேஸுக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு எனக்குத் தெரிந்து இல்லை. அதோடு பணம் போய்ச் சேர்ந்த கணக்கை யாரும் தொடவே இல்லை என்று எழுதினீர்களே, என் பார்வையில் உங்கள் அப்பீலின் இரண்டாவது பத்தி அதுதான்.

பாஸ் செய்த ஆபீசருக்கு இன்கிரிமென்ட் வெட்டு, என்ட்ரி போட்டதாகச் சொல்லப்படும் கிளார்க்குக்கு டிஸ்மிஸ் என்பதையும் விடாதீர்கள். ஒரே சம்பவத்தில் இருவருக்கு இவ்வளவு தூரம் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று 2013-ல் ராஜேந்திர யாதவ் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இதைக் கடைசியில் வையுங்கள். முதலிலேயே வைத்தால் 'குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டனையைக் குறைக்கச் சொல்கிறார்' என்று எழுதிவிடுவார்கள்.

மதுரைக் கிளை வழக்கறிஞர்:

தோழர் சொன்னதோடு சில விஷயங்கள் சேர்க்கிறேன்.

காரணம் சொல்லாத அப்பீல் ஆர்டர் பற்றி எல்லோரும் காட்டுவது ராம் சந்தர் வழக்கு, 1986. காஜியாபாத் ரயில்வே லோகோ ஷெட்டில் ஷண்டராக (இன்ஜின்களை நகர்த்தும் ஊழியராக) இருந்தவர். அவருடைய அப்பீலை ரயில்வே போர்டு விதியின் வாசகத்தையே திரும்பச் சொல்லி நிராகரித்தது. அது போதாது, நேரில் கேட்டுக் காரணத்தோடு ஆர்டர் போடுங்கள் என்றது சுப்ரீம் கோர்ட். நடைமுறை சரியாக நடந்ததா, முடிவுக்குச் சாட்சியம் இருக்கிறதா, தண்டனை பொருத்தமானதா என்ற மூன்றையும் அப்பீல் அதிகாரி உண்மையிலேயே பார்க்க வேண்டும். அப்பீலை இந்த மூன்று தலைப்பில் பிரித்து எழுதினால் அவர் மூன்றுக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் நமக்குப் பிடி கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கை. விதியில் இல்லாத இடத்தில் நேரடி ஹியரிங் தானாக வந்துவிடாது. பாட்டியாலா ஸ்டேட் வங்கி வழக்கில் 1994-ல் அப்படித்தான் தீர்ப்பு. ஒப்பந்தத்தில் டிஸ்மிஸுக்கு ஹியரிங் என்று இருப்பதால் உங்களுக்குக் கவலையில்லை, இன்கிரிமென்ட் வெட்டுக்கு அப்பீல் போடுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

அப்பீல் போடாவிட்டால் தொழில் தகராறு எழுப்ப முடியாது என்று சட்டம் இல்லை. ஆனால் ஹைகோர்ட்டுக்கு ரிட் போனால் 'இருக்கிற வழியை ஏன் பயன்படுத்தவில்லை' என்பதுதான் முதல் கேள்வியாக வரும். கன்சிலியேஷன் மத்திய தொழிலாளர் துறை அதிகாரியிடம், மாநில லேபர் ஆபீசில் போட்டுக் காலம் போக்காதீர்கள். பழைய தொழில் தகராறு சட்டத்தில் டிஸ்மிஸ் ஆனவர் நேராக லேபர் கோர்ட் போக மூன்று வருடம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது, அதில் கன்சிலியேஷனுக்கு இரண்டு வருடம்தான். அப்பீல் முடிவுக்காகக் காத்திருந்து இதைத் தவறவிடக் கூடாது. ட்ரிப்யூனல் சாட்சியத்தைத் தானே எடைபோட்டுத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம், பழைய 11-ஏ பிரிவில் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது.

இன்னொன்று, விசாரணையிலேயே அநியாயம் நடந்திருந்தால் 'அப்பீலில் சரிசெய்துவிட்டோம்' என்று வங்கி தப்பிப்பதும் சுலபமில்லை. எல்.கே. ரத்னா வழக்கில் 1986-லேயே அதைச் சொல்லிவிட்டார்கள்: முதல் விசாரணையில் நியாயம் கிடைக்க வேண்டியது முதல் விசாரணையிலேயே கிடைக்க வேண்டும். அதனால் ரிஜிஸ்டர் மறுக்கப்பட்ட விஷயத்தை அப்பீலில் இப்போதே பதிவு செய்வது அவசியம்.

ஓஎம்ஆர் தம்பி:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் சென்னையில் ஐடி கம்பெனி. எச்ஆர் பாலிசியில் அப்பீல் என்று ஒரு வரி இருக்கிறது, மெயில் போட்டால் 'முடிவு இறுதியானது' என்று பதில் வருகிறது. எங்களுக்கு இப்படி ஏதாவது உண்டா?

மதுரைக் கிளை வழக்கறிஞர்:

உண்டு. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் 41-வது பிரிவைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது, நீக்கினால் அரசு நியமித்த அதிகாரியிடம் அப்பீல் போகலாம். ஆர்டர் கிடைத்து 30 நாள்தான் அவகாசம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அதனால் உங்கள் வேலை உண்மையில் என்ன என்று காட்டும் மெயில்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனி இழை போட்டால் விரிவாகப் பேசலாம், இங்கே அக்காவின் கேஸை விட்டு விலகிவிட வேண்டாம்.

புதுகை அக்கா:

அப்பீல் எழுதி முடித்துவிட்டோம், மூன்று தலைப்பில், பக்க எண்களோடு. எம்.டி.க்குத் தனிக் கடிதமும் தயார். யூனியன் மாவட்டச் செயலாளர் ஹியரிங்குக்குக் கூட வருவதாகச் சொல்லிவிட்டார். அப்பீலை யார் பெயருக்கு அனுப்புவது? அதே ஜெனரல் மேனேஜர் பெயரில்தான் போட வேண்டுமா? அதை எழுதும்போது தம்பிக்குக் கை ஓடவில்லை.

ஓய்வு மேலாளர்:

ஆள் பெயரே வேண்டாம், அம்மா. 'அப்பீல் அதிகாரி' என்று பதவியை மட்டும் போட்டு ஹெட் ஆபீஸ் முகவரி எழுதுங்கள். 45 நாள் கணக்கில் யாரும் குறை சொல்ல முடியாது. எம்.டி. கடிதத்தின் நகலை அப்பீலோடும், அப்பீல் நகலை எம்.டி. கடிதத்தோடும் இணையுங்கள், அப்போது ஒன்றைப் பார்த்தவர் மற்றதைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டையும் ஸ்பீட் போஸ்டில், டெலிவரி ஆனதற்கு அத்தாட்சி கேட்டு அனுப்புங்கள். இன்னொரு செட்டைத் தம்பி கடைசியாக வேலை பார்த்த கிளையில் நேரில் கொடுத்து, நகலில் ரப்பர் ஸ்டாம்பும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். ஸ்டாம்ப் போட மறுத்தால் சண்டை வேண்டாம், அன்றே அந்தக் கிளைக்கும் தபாலில் போட்டுவிடுங்கள். அப்பீலின் கடைசிப் பத்தியில் ஸ்ட்ராங் ரூம் ரிஜிஸ்டரின் அந்த மாதப் பக்கங்களைப் பத்திரப்படுத்தி வைக்கும்படி ஒரு வரி சேருங்கள். பழைய ரிஜிஸ்டர்களைக் கழிக்கிற வேலை கிளைகளில் அவ்வப்போது நடக்கும்.